இரண்டு அரிவரி வகுப்புகள்

புஸ்பராணி ரீச்சர் அன்று காலை இன்பமலரின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சோதனை நாளிலும் இவவுக்குக் கோபம் தீரவில்லையே என்று இன்பமலர் நினைத்துக்கொண்டாள்.

ஓர்ஸ் ஹில் என்ற குன்றின் அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் இருவரும் முதன்முதலாக எழுத்துப் பழகும் பிள்ளைகளின் அரிவரி வகுப்புகளில் ஆளுக்கொன்றைப் படிப்பித்தார்கள். இரண்டு வகுப்புக்கும் நடுவில் நெஞ்சளவு உயரத் தென்னோலைக் கிடுகுத் தட்டி மட்டுந்தான்.

புஸ்பராணியின் பிள்ளைகள் எழுத்துகளை வரிசையாகப் பாடமாக்கி, வாசிப்புப் புத்தகத்தைப் பாட்டுப்போல ஒப்புவிப்பார்கள். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிலிருந்து புதிதாக வந்த இன்பமலரின் முறை வேறு. நாலைந்து எழுத்தை கடதாசி மட்டைகளில் எழுதி, ஒலியைச் சொல்லவைத்து, ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்கப் பழக்கினாள். பல பள்ளிக்கூடங்களில் சோதித்துப் பார்த்துப் பலன் கண்ட முறை அது.

"ப... ட... ம்... படம்" என்று அவளுடைய பக்கம் நாள் முழுக்க ஒரே சத்தம்.

"சேர், அவவின்ர பிள்ளையள் முனகிற முனகல்ல என்ர பிள்ளையளுக்கு ஒண்டும் ஏறுதில்லை," என்று தொடக்கத்தில் புஸ்பராணி தலைமையாசிரியரிடம் அடிக்கடி முறையிட்டாள். பிறகு முறையிடுவதை விட்டுவிட்டாள். இன்பமலரோடு கதைப்பதையும் விட்டுவிட்டாள்.

தலைமையாசிரியர் பஸ்தியாம்பிள்ளை இன்பமலரிடம் முன்பே சொல்லியிருந்தார்.

"தவணை முடிவில நானே ரெண்டு பக்கத்தையும் சோதிப்பன். புத்தகத்தில இல்லாத சொல்லுத்தான் தருவன். உங்கட பிள்ளையள் மற்றப் பக்கத்தை விட நல்லா வாசிச்சால் தொடர்ந்து நடத்துங்கோ. இல்லாட்டி விட்டிடவேணும்."

அன்று சோதனை முதலில் இன்பமலரின் பக்கம். அவர் கரும்பலகையில் வள்ளம், கயிறு, வெளிச்சவீடு என்று எழுதினார்.

வின்சன்ட் எழும்பினான். போன வருஷம் புஸ்பராணியிடம் படித்து, ஒரு சொல்லும் வாசிக்க ஏலாமல் மறுபடி அரிவரியிலேயே விடப்பட்டவன். ஒவ்வோர் ஒலியாகச் சேர்த்து, "வெளிச்சவீடு" என்று முடித்துவிட்டு, தானே ஆச்சரியப்பட்டுச் சிரித்தான். இன்பமலருக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு தட்டிக்கு அந்தப் பக்கம். "நங்கூரம்" என்று எழுதிவிட்டு ஸல்ஹா என்ற சிறுமியைக் கூப்பிட்டார். அந்தச் சொல் புத்தகத்தில் இல்லையே, பாவம் பிள்ளை திக்கப்போகிறது என்று இன்பமலர் இரங்கினாள்.

ஸல்ஹாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. பிறகு தெளிவாகச் சொன்னாள்.

"நங்கூரம்."

அடுத்தடுத்து எழும்பிய பிள்ளைகளும் அப்படியே வாசித்தார்கள். இன்பமலர் தன் பக்கத்துப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். இந்தத் தவணை முழுக்கத் தொண்டை கட்டக் கத்தியது வீண்தானா?

தலைமையாசிரியர் சோக்கட்டியை வைத்துவிட்டு அவளிடம் வந்தார். குரலில் கடுமை இல்லை.

"உங்கட பிள்ளையளில ஒரு குறையும் இல்லை, ரீச்சர். ஆனா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தானே வாசிக்குதுகள்? புது முறையால ஒரு வித்தியாசமும் தெரியேல்லை. அடுத்த தவணை பழையபடி நடத்துங்கோ."

"ஓம் சேர்," என்றாள் இன்பமலர். மேசையில் பரப்பியிருந்த எழுத்து மட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள்.

"சேர், கொஞ்சம் நில்லுங்கோ."

புஸ்பராணி தன் வகுப்பை விட்டு வந்து நின்றாள். விரல்களில் ஒட்டியிருந்த சோக்குத் தூளைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். அன்று முதல்முறையாக இன்பமலரின் முகத்தைப் பார்த்தாள்.

"வித்தியாசம் எப்பிடிச் சேர் தெரியும்?"

"ஏன், என்ன விஷயம்?"

"தட்டிக்கு மேலால பாத்துப் பாத்து, நானும் சத்தமில்லாமல் இவவின்ர முறையிலதான் படிப்பிச்சனான்."