ஐம்பத்தைந்து இஞ்ச் சத்தியம்

சூப்பர்வைசர் ஐம்பத்தைந்து இஞ்ச் டிவிக்குப் பின்னால் குனிந்து ஒளிந்துகொண்டார். டைல்ஸ் கம்பெனியில் நாற்பது பேரைக் கட்டி மேய்க்கிற மனுஷன், சிவப்புச் சட்டை போட்ட ஒரு சேல்ஸ்மேனுக்குப் பயந்து வியர்த்து வழிந்தார். அதுவும் ஏசி ஷோரூமில்!

"அங்க என்னங்க பண்றீங்க?" என்றாள் மனைவி.

"பின்னாடி எத்தனை ஹெச்டிஎம்ஐ இருக்குன்னு பார்க்கறேன்."

"மூணு இருக்கும். இப்படி வாங்க."

விஷயம் இதுதான். போன மாதம் இதே கடையில், இதே சிவப்புச் சட்டைக்காரரிடம், இதே டிவியை அவர் வாங்கியிருந்தார். கண் ஆபரேஷன் ஆன அவருடைய அம்மா, பழைய டப்பா டிவியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சீரியல் பார்ப்பதைக் கண்டு மனசு கேட்கவில்லை. ஓவர்டைம் பணத்தை எடுத்து, வீட்டில் மூச்சுக் காட்டாமல் காரியத்தை முடித்துவிட்டார்.

வாங்கினது தப்பே இல்லை. சத்தியம்தான் உதைத்தது. மகளைக் காலேஜில் சேர்க்கிற வரைக்கும் இவர் பிறந்த வீட்டுக்கும் எதுவும் போகக் கூடாது, அவள் பிறந்த வீட்டுக்கும் எதுவும் போகக் கூடாது என்று சட்டம் போட்டதே மனைவிதான். மகளின் தலையில் அடித்து இரண்டு பேரும் சத்தியம் செய்திருந்தார்கள்.

ஏற்கெனவே ஒரு தடவை அம்மாவுக்கு மிக்சி வாங்கிக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் அவர். அன்றைக்கு அவள் சொன்னது இன்னும் காதிலேயே இருந்தது. "இன்னொரு வாட்டி எங்கிட்ட மறைச்சீங்க, அப்புறம் ஜென்மத்துக்கும் உங்களை நம்ப மாட்டேன்." திட்டினால் கூட தாங்கிக்கொள்வார். நம்பாத பெண்டாட்டியோடு எப்படிக் குடித்தனம் பண்ணுவது?

வீட்டு டிவி பாதித் திரை பச்சையாகிப் படுத்துக்கொண்டதிலிருந்தே, வேறு கடைக்குப் போகலாம் என்று தலைகீழாக நின்று பார்த்துவிட்டார். "பத்து பர்சன்ட் தள்ளுபடி, இங்கதான் செல்லும்" என்று கைப்பையிலிருந்து ஒரு கூப்பனை எடுத்துக் காட்டினாள் அவள். அவளோடு கிளினிக்கில் வேலை பார்ப்பவள் கொடுத்தாளாம். போன மாதம் பில்லோடு அவருக்கும் அதே கூப்பனைத்தான் கொடுத்தார்கள். அதைக் கடை வாசலிலேயே சுக்குநூறாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருந்தார்.

"அடடே, சார்! வாங்க வாங்க!" சிவப்புச் சட்டை நேராக வந்து நின்றது.

சூப்பர்வைசர் மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்று கும்பிடு போட்டார். அந்த ஆள் புண்ணியவான், பிள்ளைகுட்டிக்காரன் போலிருக்கிறது. சட்டென்று புரிந்துகொண்டு, "புதுசா வர்றீங்களா சார்?" என்று கேட்டான்.

போன உயிர் திரும்பி வந்தது. அந்தத் தெம்பில் சுவரில் மாட்டுகிற ஸ்டாண்ட், சவுண்ட் பார், ஸ்டெபிலைசர் என்று மனைவி காட்டியதற்கெல்லாம் மண்டையை ஆட்டினார். எப்படியாவது வெளியே போனால் போதும் என்றிருந்தது.

பில் கவுன்டரில் ஆள் கேட்டான்: "போன் நம்பர் சார்?"

"நம்பர் எதுக்குப்பா? சும்மா பில்லைப் போடேன்."

"நம்பர் இல்லாம பில்லே வராது சார்."

"வீட்டு நம்பர், தெரு பேரு, எல்லாம் சொல்றேன். போன் நம்பர்தான் சட்டுனு ஞாபகம் வரல."

"உங்க நம்பர் உங்களுக்கே ஞாபகம் இல்லையா? நல்ல கூத்து!" என்ற மனைவி, அவர் கையைப் பிடித்துத் தடுப்பதற்குள் அவருடைய நம்பரை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டாள்.

கவுன்டர் ஆள் திரையைப் பார்த்தான். முகமெல்லாம் பல். "சார் நம்ம பழைய கஸ்டமராச்சே! போன மாசம்தானே இதே மாடல் எடுத்தீங்க?"

மனைவி மெதுவாகத் திரும்பினாள். முன்னால் கவுன்டர், பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர், பக்கத்தில் அவள். ஓட வழியில்லை. அம்மா, கண் ஆபரேஷன், ஓவர்டைம் என்று எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிட்டார்.

அவள் கத்தவில்லை. கண் கலங்கிவிட்டது. அதுதான் அவருக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

"பெத்த பொண்ணு தலையில அடிச்சு சத்தியம் பண்ணீங்களே. எப்படிங்க மனசு வந்துச்சு? நான் ஒருத்தி பைத்தியக்காரி, எல்லாத்தையும் நம்பிக்கிட்டு உக்காந்திருக்கேன்!"

"தப்புதாம்மா. மன்னிச்சுடு."

"பேசாதீங்க. புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒளிவுமறைவு இருக்கலாமா? எங்க வீட்டுக்கு நான் ஒரு ஸ்பூன் தூக்கிட்டுப் போயிருப்பேனா?"

வரிசையில் நின்ற ஒரு அம்மாள் 'ச்சூ' கொட்டினாள். சூப்பர்வைசர் தரையில் பதித்திருந்த டைல்ஸை எண்ண ஆரம்பித்தார். இனி வாழ்நாள் முழுக்க இந்த வீட்டில் தலை நிமிர முடியாது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

"இனிமே இவர் பேர்ல ஒண்ணும் வேண்டாம். பில்லை என் பேர்லயே போடுங்க!" மூக்கைச் சிந்திக்கொண்டே, ஆத்திரத்தோடு தன் நம்பரைப் படபடவென்று சொன்னாள் மனைவி.

கவுன்டர் ஆள் தட்டினான். திரையைப் பார்த்தான். இந்தத் தடவை இன்னும் அகலமாகச் சிரித்தான்.

"டெலிவரி போன வாட்டி மாதிரி உங்க அம்மா வீட்டுக்குத்தானே மேடம்?"