கள்ளியைப் படம் எடுக்கிறவர்

“ஓரினைக் கீழ அனுப்பிடுங்க. இல்லேன்னா நான் இனிமே உங்களோட வரல” என்றார் வெர்னா.

சாயங்கால நேரம். முகாமில் எல்லோரும் மடக்கு நாற்காலிகளைப் போட்டு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஊரில் பனி கொட்ட ஆரம்பித்ததும் படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வீட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு அரிசோனா பாலைவனத்துக்கு வந்துவிடுகிற ஓய்வுபெற்ற கூட்டம் நாங்கள். வந்தால் சும்மா இருப்பதில்லை. வாரா வாரம் மலை ஏறுவோம்.

ஏற முடியாதவர்களுக்கு லோயிஸ் தலைமையில் தனிக் கூட்டம் உண்டு. அவர்கள் வறண்ட ஓடையில் சமதளமாக நடந்துவிட்டு வருவார்கள். மற்றவர்களைக் காக்கவைக்கிற ஆளை அங்கே மாற்றிவிடுவது எங்கள் வழக்கம். கீழே போனவர் மறுபடி மேலே வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஓரின் வடக்கு டகோட்டாவில் கோதுமை விவசாயம் பார்த்தவர். கழுத்தில் ஒரு பழைய கேமரா. எந்த ஏற்றம் வந்தாலும் பாதியில், “ஒரு நிமிஷம், இந்தக் கள்ளியை ஒரு படம் எடுத்துக்கறேன்” என்று நின்றுவிடுவார். எப்போதும் அவர்தான் கடைசி.

கடைசி ஆளுக்கு முன்னால் போகிறவர் அவரைக் கண்ணில் வைத்துக்கொண்டே போக வேண்டும் என்பது எங்கள் விதி. அந்த வேலை எப்படியோ வெர்னா தலையில் விழுந்துவிட்டது. ஓரின் நிற்கும்போதெல்லாம் அவரும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று முணுமுணுப்பார்.

“இந்தப் பாலைவனத்துல கள்ளியைத் தவிர வேற என்ன இருக்கு? அதையே எத்தனை தடவை படம் பிடிப்பாரு? அவரு நிக்கறப்பல்லாம் நானும் நின்னு தொலைக்க வேண்டியிருக்கு.”

வெர்னாவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கணவர் போன பிறகும் அந்தப் பெரிய வண்டியைத் தனியாகவே ஓட்டிக்கொண்டு வருகிறவர். வண்டியை விற்றுவிட்டுத் தன் வீட்டுப் பின்னறைக்கு வந்துவிடும்படி மினசோட்டாவில் இருக்கும் மகள் விடாமல் நச்சரிக்கிறாள். போன கோடையில் இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு நச்சரிப்பு இன்னும் அதிகம். மலை ஏற முடியாமல் போகிற அன்றைக்குத் தானே விற்றுவிடுவதாக வெர்னா மகளிடம் சொல்லியிருந்தார். முகாமுக்கே தெரியும்.

மாதக் கடைசியில் பெரிய உச்சிக்கு ஏறுவதாகத் திட்டம். மேலே நின்று படம் எடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் மத்தியானம் ஆகிவிட்டால் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம். ஓரினால் தாமதமாகி உச்சி கைவிட்டுப் போய்விடுமோ என்று வெர்னாவுக்குப் பயம்.

எங்கள் தலைவர் டுவேனுக்கு யாரையும் மனம் நோகப் பேசத் தெரியாது. ஓரினிடம் போய் இழுத்து இழுத்து விஷயத்தைச் சொன்னார்.

“சரி. கீழயும் கள்ளி இருக்குமில்ல” என்றார் ஓரின்.

அடுத்த வாரம் அவர் இல்லாமல் கிளம்பினோம். நிற்கச் சொல்ல ஆளில்லாததால் டுவேன் ஒரே வேகமாகப் போனார். முதல் ஏற்றத்தைத் தாண்டினோம். இரண்டாவதில் எனக்குப் பின்னால் கைத்தடிச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். வெர்னா ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார்.

“ஷூவுக்குள்ள கல்லு” என்றார்.

கொஞ்ச தூரத்தில் இன்னொரு கல். அதற்குப் பிறகு கல் என்று சொல்லக்கூட அவருக்கு மூச்சில்லை. தடியில் சாய்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு நாங்கள் மேலே போய்ச் சேரவே இல்லை. இறங்கும்போது வெர்னா ஒவ்வொரு அடிக்கும் தடியை ஊன்றினார். பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் வெர்னா நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஓரின் நெருப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். லோயிஸ் விடுவிடுவென்று வந்து டுவேன் முன்னால் நின்றார்.

“உங்க ஆளை நீங்களே வச்சுக்குங்க.”

“ஏன், அங்கயும் நின்னு நின்னு வராரா?”

“நிக்கறதா? ஓட்டமா ஓடறாரு மனுஷன். நாங்க பாதி தூரம் போறதுக்குள்ள கடைசி வரைக்கும் போய்த் திரும்பியே வந்துட்டாரு. கேமராவைக் கையிலகூட எடுக்கல. நாங்க பாதிப் பேரு இடுப்பும் முட்டியும் மாத்தினவங்க. அவருக்கு எங்களால ஈடு கொடுக்க முடியுமா?”

டுவேன் ஓரினைப் பார்த்தார். ஓரின் விறகைப் பார்த்தார். எங்கள் கண்கள் மட்டும் எங்களை அறியாமல் வெர்னா பக்கம் போய்விட்டன.

வெர்னா எழுந்தார். வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் நாற்காலியைத் தூக்கிவந்து ஓரினுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“டுவேன், உச்சிக்குப் போற அன்னிக்கு ஓரினும் வரட்டும். அவரு நிக்காம என்னால ஏற முடியாது” என்றார்.

அந்த வாயிலிருந்து ‘முடியாது’ என்று ஒரு வார்த்தையை நாங்கள் அதுவரை கேட்டதில்லை.

ஓரினுக்கு முகம் சிவந்துவிட்டது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“வரேன். ஆனா போற வழியில கடையில ஒரு நிமிஷம் நிறுத்துங்க” என்றார். “உச்சியில வெர்னாவைப் படம் எடுக்கணுமே. இந்தத் தடவையாவது கேமராவுக்கு பேட்டரி வாங்கிப் போட்டுக்கறேன்.”