அட்மிஷன் வீடியோவில் இருப்பவள்

கோட்டயத்தில் ஒரு நர்சிங் கல்லூரியின் அட்மிஷன் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு முதலில் எங்கள் யூடியூப் வீடியோவைப் போட்டுக் காட்டுவேன். அதில் பேசுவது நான்தான். இங்கேயே முதலாண்டில் படிக்கும்போது எடுத்தது. அதே ஆண்டு அனாட்டமியில் தோற்றுப் படிப்பை விட்டேன்.

மறுவருடம் பார்த்தால், வீடியோவில் என் தொப்பியில் இரண்டாமாண்டுக் கோடு. யாரும் அதைத் தொடவில்லை என்றார் கம்ப்யூட்டர் பார்க்கும் ஷிபு. வருடா வருடம் கோடு கூடியது. போன வருடம் அவள் பட்டமளிப்பு அங்கியில் நின்றாள். பேச்சு மட்டும் அதே பேச்சு. நான் விற்றுவிட்ட கம்மல் இன்னும் அவள் காதில் ஆடுகிறது, ராங்கிக்காரி.

இன்று பாலாயிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்தார். திரையில் அவள் தடித்த கோட்டு போட்டிருந்தாள். பின்னால் ஓர் அயர்லாந்து ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகை மேல் பனி பெய்தது.

"அயர்லாந்தா? கொடுத்து வச்சவ!" என்ற அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தார். "உன் ஜாடையா இருக்காளே மோளே, உன் சேச்சியா?"

"ஆமா, என் சேச்சிதான்" என்றேன். வேறென்ன சொல்ல?

திரையில் பேச்சு நின்றது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்குத் தங்கச்சியே கிடையாது" என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, சிரித்தபடி மறுபடி ஆரம்பித்தாள்: "எங்க காலேஜுக்கு வாங்க..."