சட்டப்படி ஒரு சீரியல்

வக்கீல் ஹசன் அலி, பாபநாசத்தில் நடந்த சீரியல் படப்பிடிப்புக்கே போய்ச் சண்டை பிடித்தார்.

"என்னவே கோர்ட் சீன் எடுக்கீரு? எந்த ஜட்ஜு சுத்தியலால தட்டுதாரு?"

இயக்குநர் மகேஷ் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"நடுவுல ஒருத்தன் 'நிறுத்துங்க'ன்னு கத்திக்கிட்டு ஓடி வாரான். அவனைக் கூண்டுல ஏத்தி சாட்சிங்கீரு! வாசல்லயே போலீஸ் பிடிச்சு உக்கார வச்சிரும்வே."

"அவனையும் தூக்கிருதேன், அண்ணாச்சி."

"எல்லாத்துக்கும் மேல, விசாரணை அன்னைக்கே தீர்ப்பு! இதைப் பாத்துட்டு, 'பதினோரு வருசமா நீரு என்னவே செய்யுதீரு?'ன்னு என் கட்சிக்காரன் என்னைக் கேக்கான்."

"அப்ப நிசமாவே என்னதான் நடக்கும்?"

"முதல் நாள் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல்னு வாய்தா கேப்பாவ. அடுத்து, சாட்சி வீட்டுல கல்யாணம்னு வாய்தா. எல்லாம் கூடி வரும்போது ஜட்ஜுக்கு மாத்தல் வந்திரும். புது ஜட்ஜு முதல்லேருந்து கேக்கணும்பாரு."

மகேஷ் கண் கலங்க அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெய்வமா வந்திருக்கிய, அண்ணாச்சி! இன்னைக்குத் தீர்ப்போட என் கதை தீந்துபோச்சு. சேனல்ல இன்னும் ரெண்டு வருசம் இழுக்கச் சொல்லுதாவ!"