புது இறக்கைகள்

ஒரு சாயப்பட்டறைச் சுவரில் ராட்சத மின்விசிறி ஒன்று இருந்தது. அது சுழன்றால் பட்டறையே அதிரும். "என்னைப் போல முழங்க யாரால் முடியும்?" என்று பக்கத்திலிருந்த மின்சார மீட்டரிடம் தினமும் பெருமையடிக்கும்.

ஒருநாள் அரசு விதி மாறியது. வாங்கும் மின்சாரத்துக்கு ஏற்ற காற்றைத் தராத விசிறிகளைக் கழற்றிவிட வேண்டுமாம். அதிகாரி வந்து அளந்தார். விசிறி தேறவில்லை.

"என் முழக்கம் அவர் காதில் விழவில்லையா?" என்று விசிறி பொருமியது.

"விழுந்தது. உனக்குத் தரும் மின்சாரத்தில் பாதி காற்றாகவே மாறவில்லை என்று எழுதிக்கொண்டார்" என்றது மீட்டர்.

மறுநாள் மெக்கானிக் ஏணியோடு வந்ததும், "என்னைக் கழற்றாதீர்கள், அண்ணே. இறக்கையை மாற்றிப் பாருங்கள்" என்று கேட்டுக்கொண்டது. அவர் வளைந்த புது இறக்கைகளை மாட்டினார். அதிகாரி மறுபடி அளந்தபோது விசிறி தேறிவிட்டது. ஆனால் சத்தமே எழவில்லை. 'இனி என்னை யார் கவனிப்பார்கள்?' என்று அது வாடிப்போனது.

அப்போது கொதிக்கும் சாயத் தொட்டியருகே வேலை செய்த மாராயி தோழியிடம் சொன்னாள்: "ஏண்டி, இன்னிக்குத்தான் இங்க வரைக்கும் காத்து வருது!"

இத்தனை நாள் தன் முழக்கத்தில் எதுவும் கேட்காத விசிறி, சுழலும்போது ஒரு மனிதக் குரலைக் கேட்டது அதுவே முதல்முறை. பெருமை தாங்காமல், சத்தமில்லாமல் சுழன்றுகொண்டே இருந்தது.