காக்கா வரும் இடம்

மாடி வீட்டில் அந்தப் பாட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டது. கிடார் வெறிபிடித்து அலறும், நடுவில் காக்கா கத்தும், பிறகு ஒருவன் கரகரவென்று நிலாவைத் திட்டுவான்.

"பாட்டா இது? மண்டை வெடிக்குது!" என்றாள் குடியிருப்புச் செயலாளரின் மனைவி.

"ஒரு காலத்துல ஊரே இதைத்தான் பாடிச்சு. பாடினவன் இந்த ஒரு பாட்டோட காணாமப் போயிட்டான்" என்றார் எதிர்வீட்டுப் பல் டாக்டர். "காக்கா வர்ற இடத்துல எனக்கு இப்பவும் சிலிர்க்கும்."

"எனக்குப் பத்திக்கிட்டு வருது" என்ற செயலாளர், புதிதாகக் குடிவந்தவர்களை ஒரு பிடி பிடிப்பதென்று படியேறினார்.

கதவைத் திறந்த அம்மாள், அவர் முகத்தைப் பார்த்ததுமே, "மன்னிச்சுக்குங்க சார்" என்றாள்.

உள்ளே ஒரு பெரியவர், ஸ்பீக்கர் பெட்டியில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து உட்கார்ந்திருந்தார்.

"காக்கா வந்துடுச்சா?" என்று மனைவியைக் கேட்டார்.

பாட்டில் நிலாவைத் திட்டும் அதே கரகரத்த குரல்!

அம்மாள் கணவரிடம் தலையாட்டினாள். "காது சுத்தமாப் போயிடுச்சு சார். தாளம் அதிர்றது கைக்குத் தெரியும். காக்காவை மட்டும் நான்தான் சொல்லணும்."

பெரியவர் அப்போதுதான் செயலாளரைக் கவனித்தார். அவர் உதடுகளையே ஆவலாகப் பார்த்தார்.

"கீழ் வீடா? பாட்டைப் பத்தி என்ன பேசிக்கிறாங்க?"

செயலாளர் ஒவ்வொரு சொல்லாக, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னார்:

"காக்கா கத்துறது சரியாக் கேக்கலையாம். இன்னும் கொஞ்சம் சத்தமா வைக்கச் சொன்னாங்க."