கோயமுத்தூர் பஸ் வருவதற்குள்

காகிதக் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி கிட்டுசாமி அச்சகத்து வாசலில் நின்றான். பக்கத்தில் அவன் மனைவி மயிலாத்தாள். அறுபத்திரண்டாம் வருஷத்து ஆடி மாதம், காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

எதிர் டீக்கடையில் மெட்ராஸ்காரர் காத்திருந்தார். புதிதாக எழுதுகிறவர்களின் நாவல்களைப் பதிப்பாளர்களிடம் கொண்டு சேர்ப்பது அவர் தொழில். கோயமுத்தூர் பஸ் வருவதற்குள் கட்டு அவர் கைக்குப் போனால், தீபாவளிக்குள் புத்தகம் மதுரை, திருச்சியெல்லாம் போய்விடும். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தார்.

இந்த அச்சகமோ பனியன் பெட்டிக்கு லேபிள் அடிப்பது. சொந்தச் செலவில் இங்கே அச்சடித்தால், தலைச்சுமையாக அவிநாசித் தேருக்குக் கொண்டுபோய்த் தானேதான் விற்க வேண்டும்.

கட்டின் மேல்தாளில் மெஷின் எண்ணெய்க் கறை. அதைப் பார்த்ததும் வேலம்பாளையத்து வீட்டின் ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன.

பனியன் கம்பெனிக்கு லீவு. மடியில் பனியன்களைப் போட்டு மயிலாத்தாள் நூல் பிசிறு வெட்டுவாள். அவன் எழுதுவான். சில இடங்களில் அவள் அழுதுவிடுவாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பான். பிள்ளையில்லாத அந்த வீட்டில் நாவலின் மனிதர்கள்தான் வளைய வந்தார்கள்.

கதை முடிந்த அன்று அவள் உலை வைக்கவில்லை.

"ஏனுங்க, அவரு சொல்றபடியே குடுத்துருங்க. ஊரெல்லாம் படிப்பாங்கல்ல," என்றாள் மயிலாத்தாள்.

பஸ்ஸின் ஹாரன் கேட்டது. மெட்ராஸ்காரர் எழுந்து கையை நீட்டினார்.

கிட்டுசாமி அவரைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு மயிலாத்தாளோடு அச்சகத்துக்குள் போய்க் கட்டை மேஜைமேல் வைத்தான்.

அச்சுக் கோக்கிற சுப்பண்ணன் நிமிர்ந்தார். "அட்டையில உங்க பேரு எப்படிங்க போடறது? கிட்டுசாமின்னா, கிருஷ்ணசாமின்னா?"

"மயிலாத்தாள்னு போடுங்க. அவ சொன்ன கதைங்க. நான் கேட்டு எழுதுனதோட சரி. ஆம்பளைப் பேரு போட்டாத்தான் விக்கும்னாரு அந்த மெட்ராஸ்காரரு."

சுப்பண்ணன் அச்சுப் பெட்டியை இழுத்தார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார்.

மயிலாத்தாள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பள்ளிக்கூடப் படி ஏறாதவள்.

"இதுல நான் எங்கிருந்து ஆரம்பிக்கறனுங்க?"

கிட்டுசாமி அவள் விரலைப் பிடித்து முதல் எழுத்தின்மேல் வைத்தான்.